பஹ்ரைன் வரை போன வாய்

அந்தப் போனை நான் எடுத்திருக்கக் கூடாது. எடுத்ததுகூடப் பரவாயில்லை, வாயைத் திறந்திருக்கக் கூடாது.

என் போன் இல்லை அது. எங்கள் வீட்டு மருமகள் ஹானியின் போன். காலையில் வைத்திக்குப்பத்துக்கு மீன் வாங்கக் கிளம்பியவள், சார்ஜ் இல்லையென்று என் கடையில் செருகிவிட்டுப் போயிருந்தாள். புதுச்சேரி சாரத்தில் கல்யாணப் பாத்திரங்கள் வாடகைக்கு விடும் கடை என்னுடையது. ஊரில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு என் தேக்சாவில்தான் பிரியாணி வெந்திருக்கிறது. எனக்கு மட்டும் கல்யாணம் ஆகவில்லை. காரணம் என் வாய்தான் என்பாள் ரமீஜா அக்கா. அவள் சொன்னது சரிதான் என்று அன்றைக்கு ஆறு நாடுகளில் ஒப்புக்கொண்டார்கள்.

போன் அடித்து நின்றது. மறுபடி அடித்தது. தேக்சாவின் அடியில் பிடித்திருந்த சோற்றைச் சுரண்டிக்கொண்டிருந்த கையோடு எடுத்தேன். வீடியோ கால். திரையில் வயதான அம்மா ஒருவர், முக்காட்டு ஓரமெல்லாம் சிவப்பும் பச்சையுமாகப் பூத்தையல். ஹானியின் அத்தை ஷாரி. பஹ்ரைனில் இருப்பவர்.

"ஹால்?" என்றார்.

நாம் "சௌக்கியமா?" என்று கேட்போமே, கேட்கிறவருக்குப் பதில் வேண்டாம், சொல்கிறவருக்குக் கேள்வி வேண்டாம், அந்த மாதிரி ஒன்று என்று நினைத்துவிட்டேன். துபாயில் லாரி கழுவிய காலத்தில் கற்ற இந்தி என்னிடம் இருக்கிறது. அதை அவிழ்த்துவிட்டேன்.

"ஹால் பிரமாதம்! உங்க பொண்ணை வீட்டை விட்டுத் துரத்திட்டோம். கடற்கரையில மீன் வித்துப் பொழைச்சிட்டிருக்கா!"

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். என் நகைச்சுவைக்கு முதலில் சிரிப்பது எப்போதும் நான்தான். பெரும்பாலும் கடைசியில் சிரிப்பதும்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "யா அல்லாஹ்" என்றார். திரை அணைந்தது.

சிக்னல் போலிருக்கிறது என்று சுரண்டலைத் தொடர்ந்தேன்.

எங்கள் வீட்டு ரகளையை வாராவாரம் படித்துத் தலையில் அடித்துக்கொள்பவர்கள் அடுத்த சில வரிகளைத் தாண்டிப் போகலாம். இன்றைக்குத்தான் வந்து மாட்டியவர்களுக்காக: அக்காவின் ஒரே மகன் ஃபவாஸ் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தான். அங்கே ஹானியைக் கண்டான், கட்டினான். கம்பெனி மூடியதும் மனைவியோடு புதுச்சேரி வந்து சேர்ந்தான். ஹானி பலூச் இனத்துப் பெண். அவள் தாத்தா காலத்திலேயே குவாதரிலிருந்து கடல் தாண்டி மஸ்கட்டுக்கு வந்துவிட்ட குடும்பம். தாய் தகப்பன் இல்லை. வளர்த்தது பெரியப்பா முராத். இப்போது ஹானி முழுகாமல் இருக்கிறாள், வயிறு நன்றாகத் தெரிகிறது. கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் மாதாமாதம் காட்டுகிறோம்.

சண்டை இதுதான். "தலைப்பிரசவம் தாய்வீட்ல. அதான் முறை" என்கிறாள் அக்கா. அதாவது ஹானி மஸ்கட் போகவேண்டும். இந்த வாரம் போனால் உண்டு. அப்புறம் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். "எனக்குத் தாயே இல்ல, தாய்வீடு எங்கேருந்து வந்துச்சு?" என்கிறாள் ஹானி.

ஃபவாஸ் என்ன சொல்கிறான் என்றுதானே கேட்கிறீர்கள்? நானும்தான் கேட்கிறேன். "பாக்கலாம் மாமா" என்கிறான். ஒரு மாசமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

பெயர் விவகாரம் வேறு. ஹானி என்பது அவர்களிடம் காலங்காலமாக வைத்துவரும் பெருமையான பெயராம். தமிழில் அதற்கு என்ன பொருள் என்று எப்படிச் சொல்வதென நாங்கள் தயங்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு நிர்மலா, 'கேடுன்னு அர்த்தம்' என்று போட்டு உடைத்துவிட்டாள். அன்றிலிருந்து அக்கா வெளியாரிடம், "எங்க மருமக ஆயிஷா" என்று ஆரம்பிப்பாள். உள்ளேயிருந்து குரல் வரும்: "ஹானி!" அக்கா விடமாட்டாள்: "ஆயிஷான்னு கூப்பிடுவோம்." உள்ளேயிருந்து: "நீங்க கூப்பிடுங்க. நான் திரும்பமாட்டேன்."

ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை.

* * *

ஹானி கையில் மீன் பையோடு கடைக்கு வந்தாள். நல்ல பேரத்தில் வாங்கியிருந்தால் அவள் நடையிலேயே தெரியும்.

"வஞ்சிரம், மாமா. குஞ்சம்மாக்கா என்னை ஏமாத்தப் பாத்துது. செவுளைத் தூக்கிப் பாத்துட்டு, 'இன்னாக்கா, இது போன வெள்ளிக்கிழமை செத்ததா'ன்னேன்."

அவள் தமிழுக்கு இரண்டு வாத்தியார்கள். போனில் காதலித்த காலத்தில் ஃபவாஸ். வந்த பிறகு வைத்திக்குப்பத்து மீன்காரி குஞ்சம்மாள். இரண்டாவது வாத்தியார்தான் ஆழமாக இறங்கியிருந்தார்.

போனை எடுத்தாள். பார்த்தாள். விரலால் தள்ளினாள், தள்ளிக்கொண்டே போனாள். முடியவே இல்லை.

"மாமா."

"சொல்லும்மா."

"ஷாரி அத்தை கூப்பிட்டாங்களா?"

"ஆமா. சும்மா, எப்படி இருக்கீங்கன்னாங்க."

"நீ இன்னா சொன்ன?"

சொன்னேன். சொல்லும்போதே காலையில் இருந்த ருசி அதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

ஹானி மீன் பையைத் தேக்சாவுக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"எங்க ஆளுங்க ஹால் கேட்டா அது சும்மா கேக்கறது இல்ல, மாமா. எங்கேருந்து வர, வழியில இன்னா பாத்த, யாரு செத்தான், யாருக்குக் கொழந்தை பொறந்துது, எங்க மழை பேஞ்சுது, எல்லாத்தையும் வரிசையா சொல்லணும். அந்தக் காலத்துல மலையிலயும் மணல்லயும் எங்களுக்குப் பேப்பரா வந்துது? வரவன் வாய்தான் பேப்பரு. அதுல பொய் சொன்னவன்கிட்ட அப்புறம் எவனும் தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டான்."

"ஜோக்குகூடவா?"

"ஹால்ல எவன் ஜோக்கு சொல்லுவான்?"

எவன் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்ததால் அந்தக் கேள்விக்குப் பதில் தேவைப்படவில்லை.

செய்தி போன வழியை அவள் படித்துக் காட்டினாள். பஹ்ரைன் அத்தை மஸ்கட்டுக்குச் சொல்லியிருக்கிறார். மஸ்கட் கராச்சிக்கு. கராச்சியில் ஒரு பெரியம்மா அழுது, அவரை அழவிடாமல் பிடித்துக்கொண்டு நான்கு பேர் அழுதிருக்கிறார்கள். மொம்பாசாவில் இருக்கும் ஒரு சித்தப்பா, புதுச்சேரி எந்த நாட்டில் இருக்கிறது, கப்பல் போகுமா என்று விசாரித்திருக்கிறார். ஸ்வீடனில் மெஹ்லப் என்றொரு சித்தப்பா மகள். ஊருக்குத் திரும்ப முடியாமல் அங்கே தஞ்சம் வாங்கிக்கொண்டு, பெற்றவளைப் போனிலேயே பார்த்துக் காலம் தள்ளுகிறவள். அவள் மட்டும் அழவில்லை. ஒரு வரி எழுதியிருந்தாள்: 'ஹானி, அவர்கள் துரத்தினால் நகராதே. நகர்ந்தால் நகர்ந்துகொண்டே இருக்கவேண்டியதுதான்.'

அதை ஹானி இரண்டு தடவை படித்தாள்.

"எல்லாருக்கும் நான் பேசி விளக்கிடறேம்மா," என்றேன்.

"நீ பேசினது போதும்." அடுத்த செய்தியைப் பார்த்து எழுந்து நின்றாள். "பெரியப்பா மெட்ராஸ்லதான் இருக்காங்க. பெரியம்மாவுக்கு முட்டி ஆபரேஷன்."

"சரி, போன் போட்டு..."

"கெளம்பிட்டாங்க. மகாபலிபுரம் தாண்டியாச்சு. இனி கண்ணால பாக்காம நம்பமாட்டாங்க."

ஃபவாஸுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஹானியும் போட்டாள். அவளுடையதையும் எடுக்கவில்லை. அவள் மறுபடி போடவில்லை.

* * *

அக்காவிடம் சொல்வதற்கு நல்ல நேரம் என்று ஒன்று கிடையாது. தேங்காய் உடைக்க அரிவாளைக் கையில் எடுத்திருந்த நேரம் அதிலும் மோசம்.

"டேய் தாஜு! உன் நாக்கை மொதல்ல வாடகைக்கு விடுடா! வீட்ல நிம்மதியா இருக்கலாம்."

"எவன்க்கா எடுப்பான்?"

"பாரு, இப்பவும்!" தேங்காய் ஒரே அடியில் பிளந்தது. தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்தாள். அதற்குள் அவள் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது. யோசிக்கிற முகம். "சரி வுடு. வர மனுஷன் வரட்டும். பெரியவரே வந்து கூட்டிகினு போறாருன்னா அதுவும் நல்லதுதானே? முறையோட போனாப்பல இருக்கும்."

வாசற்படியில் ஹானி நின்றிருந்தாள். மீனைக் கழுவி மஞ்சள் தடவிய கை.

"நான் போகணும்ன்றீங்களா மாமி?"

"முறையைச் சொல்றேம்மா."

"முறையைக் கேக்கல. நீங்க சொல்லுங்க. நான் போகணுமா?"

அக்கா தேங்காய் துருவ ஆரம்பித்தாள். அந்தத் துருவல் சத்தத்துக்கு நடுவே பதில் சொன்னாலும் கேட்காது என்பது போல வேகமாகத் துருவினாள்.

"அக்கா, ஏன் இவளை அனுப்பறதுல இவ்ளோ குறியா இருக்க?" என்றேன் நான், தாழ்ந்த குரலில்.

"நெய்ச்சோத்துக்கு அரிசி ஊறப் போடுடா," என்றாள் அக்கா.

எங்கள் வீட்டில் கேள்விகளுக்கெல்லாம் இப்படித்தான். ஊறப் போட்டுவிடுவோம்.

* * *

முராத் எழுபதைத் தாண்டியவர். வாசல் நிலைக்குக் குனிந்து வந்தார். தரையைத் தொடும் வெள்ளை அங்கி, பூவேலைத் தொப்பி. சலாம் சொன்னார். ஹானியின் தலையில் கைவைத்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார், காயம் தேடுவது போல. பிறகு கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் ஒன்றும் பேசவில்லை.

டீ கொடுத்தோம். குடித்தார். பேரீச்சம்பழம் வைத்தோம். ஒன்று எடுத்தார். ஓமானிலிருந்து வந்தவருக்குக் காந்தி வீதிக் கடைப் பேரீச்சம்பழம். அதை நினைத்து எனக்கே கூசியது. ரவையில் செய்த தம்ரூட் வைத்தோம். இன்னொரு டீ. ஃபேன் வேகத்தைக் கூட்டினேன். குறைத்தேன். வெயில் அதிகம் என்றேன். தலையசைத்தார். சென்னையில் இன்னும் அதிகம் என்றேன். தலையசைத்தார். கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். ஏதோ பாக்கி இருக்கிறது, நான்தான் அதைச் செய்யவேண்டும் என்கிற பார்வை.

சமையலறையில் அக்கா கிசுகிசுத்தாள்: "கோவமா இருக்காரா?"

"தெரியல. மூணாவது டீ போடலாமா?"

"ஏற்கெனவே ஒண்ணை அப்படியே வெச்சிட்டாரே!"

ஹானி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, போய் ஹால் கேளு!"

"என்னம்மா இது? வீட்டுக்கு வந்தவரை எதுக்கு வந்தீங்கன்னா கேக்கறது? சாப்பிட்டு முடிச்சு, கை கழுவி, அவரா சொல்லணும். கேட்டா மரியாதையா இருக்காது."

"கேக்காட்டாதான் மரியாதை இல்ல! இந்த வீட்ல தன்னை மனுஷனாவே மதிக்கலன்னு உக்காந்திருக்காங்க. பெரிய ஆம்பளை நீதானே? நீதான் கேக்கணும்."

ஆக, நாங்கள் கேட்கட்டும் என்று அவரும், அவர் சொல்லட்டும் என்று நாங்களும், நடுவில் இரண்டாவது டீயுமாக ஆறிக்கொண்டிருந்திருக்கிறோம்.

போய் உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமினேன். "ஹால்?" என்றேன்.

மனுஷனின் தோள் இரண்டு அங்குலம் இறங்கியது. நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தார். நல்ல இந்தி, என்னுடையதைப் போல லாரி வாசனை இல்லாதது. மனைவியின் முட்டி, ஆபரேஷன் செய்த டாக்டரின் பொறுமை, பக்கத்து அறையில் இருந்த ஏமன் நாட்டுக்காரர் செத்துப்போனது, காலையில் பஹ்ரைனிலிருந்து தங்கை அழுதது, வாடகைக் கார், வரும் வழியிலேயே ஹானிக்கும் சேர்த்து மஸ்கட்டுக்கு டிக்கெட் போட்டது, மரக்காணத்தில் உப்பளத்தைக் கண்டு வண்டியை நிறுத்தச் சொன்னது, எல்லாம் வரிசையாக. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முடித்துவிட்டுச் சொன்னார்:

"என் ஹால் இதுதான். என் தம்பி மகளைத் துரத்திவிட்டதாகக் கேட்டு வந்தேன். வந்து பார்த்தால் சமையலறையில் நிற்கிறாள். இப்போது உங்கள் ஹால் சொல்லுங்கள், தாஜ் பாய்."

எனக்கு இப்படியொரு நிலை வந்ததே இல்லை. என்னை யாரும் உண்மையைச் சொல்லச் சொல்லிக் கேட்டதில்லை. கேட்டாலும் ஒரு ஜோக்கைப் போட்டு நழுவிவிடுவேன். நாக்கின் நுனியில் ஒன்று வந்தும் விட்டது.

"மாமா," என்றாள் ஹானி. அவ்வளவுதான்.

ஜோக்கை விழுங்கினேன். நன்றாகவே கசந்தது.

"காலையில நான் சொன்னது பொய்," என்று இந்தியில் ஆரம்பித்தேன். "விளையாட்டுக்குச் சொன்னேன். தப்பு. யாரும் அவளைத் துரத்தல."

பக்கத்தில் நின்று ஹானி அக்காவுக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். குஞ்சம்மாள் தமிழில். "தான் ஒரு லூசுன்றாரு மாமி."

"ஆனா..." அந்த ஆனாவைப் போட்டபிறகு பின்வாங்க முடியவில்லை. "ஆனா, அவ இங்க இருக்கறதுல எங்க அக்காவுக்கு முழு மனசு இல்ல. பிரசவத்துக்கு அங்க அனுப்பணும்னு சொல்லிட்டிருக்கா. முறைன்றா. முறை மட்டும்தானான்னு எனக்குத் தெரியல. அவ பேரை வெளியில மாத்திச் சொல்றா. ஃபவாஸுக்கு வேலை சரியா அமையல. தினம் வெளிய போறான், எங்க போறான்னு எனக்குத் தெரியல. அவன் மனசுல என்னன்னு கேட்டா பாக்கலாம்றான். ஹானி எங்ககூட நல்லாதான் இருக்கா. நாங்க அவகூட நல்லா இருக்கமான்னு கேட்டா... பாதி."

ஹானி ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தாள். 'பாதி'யைக் கூட.

அக்காவின் முகம் செக்கச் செவேலென்று ஆனது. "டேய்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

முராத் எழுந்தார். "நன்றி. இதுதான் ஹால்." பிறகு ஹானியிடம் பலூச்சியில் நாலே வார்த்தை சொன்னார். பையை எடு என்று சொல்லியிருக்கவேண்டும்; கை மாடிப்படியைக் காட்டியது.

ஹானி நகரவில்லை.

அவரிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். பிறகு எங்களுக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ தமிழுக்கு மாறினாள். மஞ்சள் கையால் நாற்காலி முதுகை இறுகப் பிடித்திருந்தாள்.

"குவாதர்ல இருந்து மஸ்கட்டுக்குத் தாத்தா போனாரு. சுல்தான் பட்டாளம். தாத்தாவோட தங்கச்சியை மொம்பாசாவுக்குக் குடுத்தாங்க. அத்தையை பஹ்ரைனுக்கு. மெஹ்லப் ஸ்வீடனுக்கு ஓடினா. எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் ஒரு ஊர்ல பொறந்து, ஒரு ஊர்ல கட்டிக்கிட்டு, இன்னொரு ஊர்ல பெத்துகினவங்க. எப்பவும் ஆம்பளைங்க வந்து 'பையை எடு'ன்னுதான் சொல்றாங்க. ஒருத்தியாச்சும் எடுக்கமாட்டேன்னு சொல்லட்டும். நான் சொல்றேன். எடுக்கமாட்டேன். என் புள்ள இந்த ஊர்ல பொறக்கும். பேரு ஹானி மகன், இல்ல ஹானி மக. ஆயிஷா மக இல்ல."

கடைசி வரியில் பார்வை அக்கா பக்கம் திரும்பியது.

முராத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவருக்கு மொழிபெயர்க்க யாரும் முன்வரவில்லை, தேவையும் இருக்கவில்லை. அவர் மெதுவாக, கோபமில்லாமல், இந்தியில் என்னிடம் சொன்னார்: "பாதி மனசுள்ள வீட்டில் பிள்ளை பெற விடமாட்டேன். என் தம்பிக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். தூக்கிக்கொண்டு போகவேண்டுமென்றாலும் போவேன்."

"என்னடா சொல்றாரு?" என்றாள் அக்கா.

"கண்டிப்பாக் கூட்டிட்டுப் போறேன்றாரு."

இதைத்தானே அக்கா ஒரு மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்? 'அல்ஹம்துலில்லாஹ்' என்று சொல்லிவிட்டு நெய்ச்சோறு பரிமாறப் போயிருக்கலாம்.

அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு கூடத்துக்கு நடுவில் வந்து நின்றாள்.

"என் வூட்டுப் பொண்ணைக் கூட்டிகினு போறதுக்கு இவர் யாரு?"

"அக்கா, அவரு பெரியப்பா..."

"இருக்கட்டும்! நான் மாமியார். நான் போன்னு சொல்லுவேன், வான்னு சொல்லுவேன், அது எங்க ரெண்டு பேருக்குள்ள. நடுவுல கார் எடுத்துகினு வந்து தூக்குவேன்னா? சொல்லுடா அவருகிட்ட. எங்க மாமியாரு சைகோன்ல பொறந்தவங்க. பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவைக் கட்டிக்கிட்டுக் கப்பல்ல வந்தாங்க, ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. இந்தத் தெருவே சிரிச்சுது. அவங்க போகல. இந்த வூட்லதான் அஞ்சு பெத்தாங்க. அவங்க மூக்குதான் ஃபவாஸுக்கு! இந்த வூட்டுக்கு வெளியூர்ப் பொண்ணு புதுசு இல்லன்னு சொல்லு."

சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை, மூக்கு உட்பட.

"பாதி மனசாம்! இவனுக்கென்ன தெரியும் என் மனசு?" என்று என்னைப் பார்த்துச் சீறினாள். பிறகு ஹானியைப் பார்க்காமலே, சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டே கத்தினாள்: "ஹானி! மீன் தீயுது பாரு!"

ஹானி திரும்பினாள்.

* * *

சாப்பிட்டோம். முராத் வஞ்சிர வறுவலைப் பேசாமல் சாப்பிட்டார். இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார். தான் பிறந்தபோது குவாதர் மஸ்கட் சுல்தானுடைய ஊர் என்றும், விவரம் தெரிவதற்குள் அது பாகிஸ்தான் ஆகிவிட்டது என்றும், தாங்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே நாடு தங்களைவிட்டுப் போய்விட்டது என்றும் சொன்னார். எங்கள் அத்தாவும் பிரெஞ்சுக்காரராகப் பிறந்து, மீசை முளைப்பதற்குள் இந்தியர் ஆனவர்தான் என்றேன். அவர் முதல் தடவையாகச் சிரித்தார். இது ஜோக்கே இல்லை. என் ராசி அப்படி.

அப்போதுதான் ஃபவாஸ் வந்தான். வாசலில் காரைப் பார்த்தே முகம் வெளுத்திருந்தது. பெரியவரிடம் சலாம் சொன்னான். போன் சைலண்டில் இருந்தது என்றான், யாரும் கேட்காமலே.

முராத் அவனை உட்காரச் சொன்னார். "உன் மனைவி இங்கேயே பெற்றுக்கொள்கிறேன் என்கிறாள். உன் அம்மா சரி என்கிறார். நீ என்ன சொல்கிறாய்?"

ஃபவாஸ் அம்மாவைப் பார்த்தான். அம்மா தட்டைப் பார்த்தாள்.

"அவ இஷ்டம்," என்றான்.

பெரியவர் அவனை நெடுநேரம் பார்த்தார். கை கழுவிக்கொண்டு கிளம்பும்போது என்னைத் தனியே நிறுத்தினார்.

"சனிக்கிழமை வரை சென்னையில் இருப்பேன். அவள் டிக்கெட்டை ரத்து செய்யமாட்டேன்." காரில் ஏறியபிறகு கண்ணாடியை இறக்கினார். "மத்தியானம் நீங்கள் சொன்ன ஹால் சரியாக இருந்தது, பாய். காலையில் சொன்னதும் முழுப் பொய்யா என்று எனக்குச் சந்தேகம்."

கார் திரும்பி மறைந்தது. வெயில் தாழ்ந்திருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் நிர்மலா தண்ணீர் தெளிக்கிற சாக்கில் ஒரே இடத்தில் தெளித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஃபவாஸ் மாடியேறும் சத்தம், கதவு சாத்தும் சத்தம்.

ஹானி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அலைந்தவள்; கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. கடையிலிருந்து ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டேன். உட்கார்ந்தாள்.

"ஜெயிச்சிட்டம்மா," என்றேன். "எங்க அக்காவையே திருப்பிட்ட. இந்த ஊர் முனிசிபாலிட்டியால முடியாத காரியம்."

அவள் குனிந்து கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். எனக்கு அதற்கு மேல் ஜோக் வரவில்லை.

"ஹானி, ஒண்ணு கேக்கறேன். எங்க வீட்டுக்காரங்க மாதிரி மழுப்பாத. மஸ்கட்ல பெரிய வீடு, பெரிய ஆஸ்பத்திரி, உயிரைக் கொடுக்கற பெரியப்பா. பெத்துட்டு ரெண்டே மாசத்துல திரும்பி வந்துடலாம். அதுக்கு ஏன் இவ்ளோ பிடிவாதம்? எங்க ஊர் உனக்கு அவ்ளோவா புடிச்சிருக்கு?"

மாடி ஜன்னலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

"புடிச்சிருக்கு, மாமா. ஆனா அதுக்காக இல்ல. நான் போனா ஃபவாஸ் என்னைத் திரும்பக் கூப்பிடமாட்டான். அவனே என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னான், மாமிக்கும் தெரியும். அதான் நான் இங்கேருந்து எழுந்திரிக்கமாட்டேன். போறதா இருந்தா அவன் போகட்டும்."